பச்சை பால்கனி மாமி

குங்குமம் ஈரமாக இருந்தது.

கிளம்புவதற்காக எழுந்து நின்ற பெண்மணியிடம் வெள்ளிச் சிமிழைத் திறந்து நீட்டிய பிறகுதான் மஹதி அதைக் கவனித்தாள். காலையில்தான் புதுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, விரலால் கோபுரமாகக் குவித்து வைத்திருந்தாள். அந்தக் கோபுரத்தின் நடுவில் இப்போது ஒரு பள்ளம். நனைந்த விரலை யாரோ ஆழமாக விட்டு எடுத்ததுபோல் பள்ளத்தின் ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாகக் கட்டிதட்டிப் போயிருந்தது. வந்தவள் காய்ந்த பக்கமாகத் தொட்டு இட்டுக்கொண்டு, தாம்பூலப் பையோடு படியிறங்கிப் போனாள்.

மஹதி சிமிழை மூக்கருகே கொண்டுபோனாள். குங்குமத்துக்கு அடியில் கடல் வாடை அடித்தது. மயிலாப்பூரில் கடல் வாடை அதிசயமில்லை. கிழக்கே இருந்து காற்று திரும்பினால் நொச்சிக்குப்பத்து மீனும் வலையும் கேட்காமலே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது அந்த வாடை இல்லை. இதில் மீன் இல்லை. உப்பும், வெயில் படாத பழைய கல்லும் மட்டும் சேர்ந்த ஒரு குளிர்ந்த வாடை. இதை எங்கோ முகர்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று யோசிப்பதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

நவராத்திரியில் மயிலாப்பூர் வீடுகளின் வாசல் கதவுக்கு வேலை கிடையாது. சாயங்காலம் கொலுப்படிக்கு முன்னால் விளக்கேற்றியதும் கதவை விரியத் திறந்து வைத்துவிட வேண்டும். வருகிறவர்களை யார் என்று கேட்கக் கூடாது. கீழ்வீட்டு மாமியின் நாத்தனார், நாத்தனாரின் சிநேகிதி, அந்தச் சிநேகிதியோடு சும்மா வந்தவள், யாராக இருந்தாலும் அந்தச் சாயங்காலத்துக்கு அவள் அம்பாள்தான். ஜமுக்காளத்தில் உட்கார வைத்து, ஒரு பாட்டுப் பாடச் சொல்ல வேண்டும். பாடிவிடக் கூடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வதில் தப்பில்லை. பிறகு சுண்டல், குங்குமம், வெற்றிலை பாக்கு வைத்த தாம்பூலம். இது அத்தனையும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். வெறும் கையோடு அனுப்பினால் பாவம் என்பார்கள். பாவம் புண்ணியத்தை விடுங்கள், ஊர் பேசும்.

கூட்டம் போன பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

“ஏண்டி வர்ஷினி, குங்குமச் சிமிழ்ல ஈரக் கைய விட்டியா?”

“நான் இல்லம்மா.”

“பின்ன யாரு விட்டாளாம்?”

ஒன்றாம் வகுப்புப் படிக்கிற வர்ஷினி, பட்டுப்பாவாடையின் ஜரிகையை விரலால் சுரண்டியபடி பால்கனிப் பக்கம் பார்த்தாள். பொய் சொல்கிறாள் என்று மஹதி முடிவுகட்டினாள். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவள் அவள். ஈரம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும், காரணம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்.

மறுநாள் காலை அந்த ஈரம் வேறு இடத்தில் இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அன்புக்கரசி, ஹாலைத் துடைத்துக்கொண்டே வந்தவள், கண்ணாடிக் கதவு போட்ட பால்கனியை ஒட்டிய மூலையில் நின்றுவிட்டாள்.

“இன்னாக்கா இது, இந்த மூலை மட்டும் தண்ணியா கீது? தொடச்சிகினே கீறேன், ஊறிகினே கீது.”

“வர்ஷினி பாட்டிலைக் கவுத்திருப்பா.”

“பாட்டில் தண்ணி இல்லக்கா. ஒட்டுது பாரு. உப்புத் தண்ணி.” அன்புக்கரசி விரலைத் துணியில் தேய்த்துக்கொண்டாள். “நேத்து சாயங்காலம் வந்தாங்களே, அவங்கள்ல யார்னா பீச்சுக்குப் போய் கால் நனைச்சிட்டு வந்தாங்களா?”

அன்புக்கரசிதான் சிமிழில் கை வைத்திருப்பாளோ என்று மஹதிக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் சிமிழை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தடவை உள்ளே விட்டால் அதுவே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். அன்று முழுக்க மஹதி ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். பால்கனித் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்பட்டாள். மாடிவீட்டு ஏசியைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் கொலுவின் கீழ்ப்படியில், செட்டியார் கடைப் பொம்மைக்குப் பக்கத்தில் இருந்த மரப்படகின் மேல் அவள் பார்வை நின்றது. நீலமும் மஞ்சளும் பூசிய சின்னப் படகு. முனையில் இரண்டு பக்கமும் கண் வரைந்திருந்தது. அந்த ஊர் மீனவர்கள் படகுக்குக் கண் வரைவார்களாம். போன மாதம் மால்டாவில் வாங்கியது.

அதைக் கையில் எடுத்த உடனே வாடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. வலெட்டாவில் அவர்கள் தங்கியிருந்த வீட்டின் மாடிப்படியில் இதே வாடைதான் அடிக்கும்.

பெருங்குடியில் வேலை பார்க்கும் அவள் கணவன் கிரீஷை, கம்பெனி ஒரு வேலையாக மால்டாவுக்கு அனுப்பியது. லீவு போட்டு அவளும் குழந்தையும் கூடப் போனார்கள். மால்டா எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் ‘இத்தாலிக்குக் கீழே, கடலுக்கு நடுவுல’ என்று சொல்லிச் சொல்லி கிரீஷுக்கு அலுத்துப்போனது. தலைநகர் வலெட்டா அழகான ஊர், அதை மறுப்பதற்கில்லை. கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மேட்டின் மேல், கோட்டைச் சுவரும் மாதாகோயிலும் வீடுகளும் எல்லாமே ஒரே தேன் நிறக் கல்லால் கட்டியவை. தெருக்கள் கடலைப் பார்த்துச் சரிந்து இறங்கும். சரிவு மிஞ்சிப்போன இடத்தில் தெருவே படிக்கட்டாகிவிடும். மத்தியானம் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். முதல் நாள் அந்தச் சத்தத்தில் கிரீஷ் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். பெரிய மாதாகோயிலின் தரை முழுக்கச் சலவைக்கல் சமாதிகள். அதில் எலும்புக்கூடுகளைப் பதித்திருந்தார்கள். வர்ஷினி எந்த எலும்புக்கூட்டையும் மிதிக்காமல் பாண்டியாடுகிற மாதிரி தாண்டித் தாண்டிப் போனாள்.

வீடுகளின் மாடியில் மரத்தாலும் கண்ணாடியாலும் பெட்டிபோல் மூடிய பால்கனிகள் இருந்தன. உள்ளே உட்கார்ந்தால் தெருவில் போகிற வருகிற அத்தனை பேரையும் பார்க்கலாம்; தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே இருப்பவர் தெரியாது. அவர்கள் தங்கிய வீட்டுக்கு எதிரே, ஒடுக்கமான சந்தின் அந்தப் பக்கம், பெயிண்ட் உரிந்த ஒரு பச்சைப் பால்கனி. அதில் கறுப்பாக யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி மேல் துணி போட்டிருக்கிறது என்று முதலில் மஹதி நினைத்தாள். காலையில் பார்த்தாலும் இருந்தது, மாலையில் பார்த்தாலும் இருந்தது. பிறகு ஒரு நாள் வர்ஷினி சொன்னாள்.

“அம்மா, அந்த மாமி எனக்கு டாட்டா காட்டினா.”

வர்ஷினிக்கு உலகத்தில் எந்த நாட்டுப் பெண்மணியும் மாமிதான்.

கிளம்புகிற அன்று பெட்டிகளோடு சந்தில் நின்றிருந்தார்கள். அந்தப் பால்கனியின் ஜன்னல் முதல் தடவையாகத் திறந்திருந்தது. இருட்டான அந்தத் திறப்பின் விளிம்பில் ஒரு கை மட்டும் தெரிந்தது. வெளுத்த கை. ஊருக்குப் போகிற குஷி, நவராத்திரி வருகிற குஷி. மஹதிக்கு ஒரு குறும்பு தோன்றியது. பாவம், எந்நேரமும் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று கொஞ்சம் இரக்கமும் இருந்தது. கைப்பையில் எப்போதும் இருக்கிற குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்து, மயிலாப்பூரில் வீடு வீடாகப் போய் அழைப்பதுபோலவே மேலே பார்த்து நீட்டினாள்.

“மாமி, எங்காத்துல கொலு வெக்கறோம். நவராத்திரிக்கு அவசியம் வரணும்.”

கிரீஷ் விழுந்து விழுந்து சிரித்தான். பால்கனி எட்டாத உயரத்தில் இருந்தது. கை அசையவே இல்லை. சிமிழை மூடும்போது குங்குமம் ஒரு பக்கமாகக் குழிந்திருந்தது. கை ஆடியதில் சரிந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

அழைத்தவள் குங்குமத்தை நீட்ட வேண்டும், வருகிறவள் அதைத் தொட்டு இட்டுக்கொள்ள வேண்டும். இட்டுக்கொண்டால் வருகிறேன் என்று அர்த்தம். மஹதி சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து பார்த்துவரும் வழக்கம் இது.

மஹதி மரப்படகை நியூஸ்பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டாள். அது வெறும் பொம்மை என்று தெரிந்தும் போட்டாள்.

மூலை மறுநாளும் நனைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். ஊதுவத்தி, மல்லிகை, தாளித்த மொச்சைச் சுண்டல், பட்டுப்புடவைகளின் பீரோ வாசனை எல்லாம் சேர்ந்து ஹால் மூச்சு முட்டியது. கீழ்வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி இரண்டு பாட்டுப் பாடினாள். மூன்றாவதை யாரும் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாள். மஹதி சமையலறைக்கும் ஹாலுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் பால்கனி மூலையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், ஒவ்வொரு தடவையும் பார்த்தாள். அங்கே புடவைத் தலைப்புகளும் குழந்தைகளும் நிழலும்தான் தெரிந்தன. எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஜமுக்காளத்தில், அந்த மூலையைச் சுற்றி மட்டும் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். யாரும் சொல்லி விட்ட இடமாகத் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு ஜெயலக்ஷ்மி மாமி மட்டும் வாசல்படியில் நின்றாள்.

“மஹதி, கேக்கப்படாதுதான். அந்த மூலைல உக்காந்திருந்தாளே, அவா யாரு? கிரீஷ் வழி மனுஷாளா?”

“எந்த மூலை மாமி?”

“பால்கனிக் கதவுகிட்ட. கறுப்பா எதையோ தலையோட போத்திண்டு. நேத்திக்கும் வந்திருந்தாளே. பாடுங்கோளேன்னேன், வாயைத் திறக்கலை. சுண்டலைத் தொடலை. உன் கொலுவைக்கூடப் பாக்கலைடி.” மாமி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “வர்ஷினியைத்தான் பாத்துண்டே இருந்தா.”

மஹதி திரும்பி ஹாலில் வர்ஷினியைத் தேடினாள்.

“தாம்பூலம் குடுத்தியோ அவாளுக்கு?”

“இல்லை மாமி. நான் பாக்கவே...”

“அதான் தினம் வரா போலிருக்கு. வெத்தலை பாக்கு வாங்கிக்காம வந்தவா எப்படிக் கிளம்புவா? நாளைக்கு வந்தா முதல்ல அவாளுக்குக் குடுத்து அனுப்பிடு.” மாமிக்கு இதில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. உபசாரத்தில் குறை வந்துவிட்டதே என்பதுதான் அவள் கவலை.

மூலையில் ஒரு தொன்னை இருந்தது. சுண்டல் அப்படியே இருந்தது. மொச்சைக் கொட்டைகள் தண்ணீரில் ஊறி வெளுத்து மிதந்தன.

மஹதி ஆபீஸில் இருந்த கிரீஷுக்கு ஃபோன் செய்தாள்.

“கிரீஷ், வலெட்டால எதிர்த்தாப்புல பச்சைப் பால்கனி இருந்ததே. அங்க இருந்தவா யாரு? சாவி வாங்க வந்த பெரியவர்கிட்ட நீ ஏதோ பேசிண்டிருந்தியே.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது.

“கிரீஷ்?”

“அங்க யாரும் இல்லைன்னார்.”

“ஊருக்குப் போயிருக்காளா?”

“வீடே இல்லை மஹதி. அந்தக் காலத்து யுத்தத்துல குண்டு விழுந்து உள்ளே எல்லாம் இடிஞ்சு போயிடுத்தாம். முன்பக்கச் சுவர் மட்டும்தான் நிக்கறது. அந்தப் பால்கனிக்குப் பின்னாடி தரையே கிடையாது. ஆகாசம்தான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீ அவ்வளவு சந்தோஷமா கூப்பிட்டுட்டு வந்தே. எதுக்குக் கெடுப்பானேன்னு... ஏன், இப்ப என்ன ஆச்சு?”

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். அவன் மேல் கோபம் பொங்கி வந்தது. கூடவே படுத்து எழுந்திருக்கிற மனுஷன், இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லையே. இன்னும் என்னென்ன சொல்லாமல் வைத்திருக்கிறானோ. வாசல் கதவைச் சாத்தப் போனவள் பாதியில் நின்றாள். சாத்தி என்ன பிரயோஜனம்? இது கதவை உடைத்துக்கொண்டு வந்ததில்லை. அவளே கூப்பிட்டு வந்தது.

வர்ஷினி தூங்கும்போது பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். குழந்தையின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இவளை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர் அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். கொலுவைப் பாதியில் போட்டுவிட்டுப் போவதா, யாரிடம் என்ன காரணம் சொல்வது என்று அதையும் நினைத்தாள். மனித புத்தி அப்படித்தான், வீடு பற்றி எரியும்போதும் அடுத்த வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பார்க்கும்.

கடைசியில் ஜெயலக்ஷ்மி மாமி சொன்ன வழிதான் வழியாகத் தோன்றியது. அழைப்பில் வந்ததை உபசாரத்தில்தானே அனுப்ப வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கூட்டத்தைச் சீக்கிரம் அனுப்பிவிட்டாள். குழந்தையைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ரவிக்கைத் துணி, சின்னச் சீப்பு, சின்னக் கண்ணாடி. ஒன்றும் விடாமல் தட்டில் அடுக்கினாள். குங்குமச் சிமிழைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். தட்டைக் கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டு, திரும்பி வந்து கொலுவைப் பார்த்து நின்றுகொண்டாள். மூலைக்கு முதுகைக் காட்டி.

“குறை வெச்சதை மன்னிச்சுக்கணும்,” என்றாள். “எடுத்துண்டு போயிட்டு வாங்கோ.”

கொலு விளக்கு ஆடாமல் எரிந்தது. தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அது தேய்ந்து போன பிறகு சொட்டுச் சத்தம் கேட்டது. நனைந்த துணியிலிருந்து மொசைக் தரையில் விழுகிற சொட்டு. பிறகு துணி இழுபடும் சத்தம். வாடை. உப்பு. குளிர்ந்த கல். கொலுவில் மரப்பாச்சிப் பொம்மைகள் இரண்டும் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன. பொம்மை எப்போதும் அப்படித்தான் பார்க்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சத்தம் நின்றது. நெடுநேரம் கழித்துத் திரும்பினாள்.

தட்டு காலியாக இருந்தது. சிமிழில் புதிதாக ஒரு பள்ளம்.

அதன் பிறகு வீடு வீடாக இருந்தது. மூலை காய்ந்துவிட்டது. அன்புக்கரசி, “ஏசிய ரிப்பேர் பண்ணிட்டியாக்கா?” என்று கேட்டாள். மஹதி சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. கிரீஷோடு சண்டை போட்டு, சமாதானமாகி, இரண்டாம் தடவை சண்டை போட்டாள். ஜெயலக்ஷ்மி மாமியிடம் தாம்பூலம் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

“சமத்து. இனிமே அவா பாடு. நம்மாத்துக்கு வந்துட்டுப் போனவா அவாத்துக்கு நம்மளைக் கூப்பிடணுமோல்லியோ. அதானே முறை.”

மாமி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். மஹதியும் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டாள்.

சரஸ்வதி பூஜை வந்தது. வர்ஷினியின் பள்ளிப் புத்தகங்கள் சந்தனப் பொட்டு வைத்த துணிக்கு அடியில் கொலுவின் முன்னால் அடுக்கியிருந்தன. இன்று படிக்கக் கூடாது என்பதால் குழந்தைக்குக் கொள்ளை சந்தோஷம். சாயங்கால வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. மஹதி அடுப்படியில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நாளைக்கு விஜயதசமி, ராத்திரி மரப்பாச்சியைப் படுக்க வைத்துவிட்டால் கொலு முடிந்தது, கதவைச் சாத்திவிடலாம் என்பதே அவள் நினைப்பாக இருந்தது.

“அம்மா, கூப்பிட்டவா ஆத்துக்கெல்லாம் போயே ஆகணுமா?”

வர்ஷினி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். பச்சைப் பட்டுப்பாவாடை. நெற்றியில் குங்குமத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு கீற்று. விபூதி என்று நினைத்தாள் மஹதி.

“பின்னே? குங்குமம் குடுத்துக் கூப்பிட்டா போகாம இருக்கப்படாது. அவா மனசு கஷ்டப்படும்.”

“நீயும் வருவியா?”

“அடுப்புல வேலை இருக்கு. நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வரேன்.”

“சரி. போறேன்.”

“போறேன்னு சொல்லப்படாதுன்னு எத்தனை தடவை சொல்றது? போயிட்டு வரேன்னு சொல்லு.”

வர்ஷினி சொல்லவில்லை. கொலுசுச் சத்தம் ஹாலைக் கடந்து போனது. ஜெயலக்ஷ்மி மாமி வீட்டுக்குத்தான் போகிறாள், அங்கேயும் கொலு, வேறு எங்கே போவாள். மஹதி தேங்காயைத் துருவி முடித்தாள். கடுகு வெடித்தது. அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

“எங்கேடி உன் பொண்ணு? பாட்டுச் சொல்லித் தரேன்னு சொல்லியிருந்தேன், வரவே இல்லையே.”

ஜெயலக்ஷ்மி மாமி.

மஹதி கரண்டியைப் போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடினாள். மூலை நனைந்திருந்தது. நனைந்த இடத்தில் தாம்பூலத்தோடு போன சின்னக் கண்ணாடி கவிழ்ந்து கிடந்தது. சீப்பு கிடந்தது. குங்குமச் சிமிழைக் காணவில்லை. கொலுவின் முன்னால் அது இருந்த இடத்தில் வெள்ளைப் பொடி கொஞ்சம் சிந்தியிருந்தது. தொட்டாள். விபூதி இல்லை. கல்லைத் தேய்த்த பொடி. விரலில் ஒட்டியது.

நெற்றியில் வெள்ளைக் கீற்று. குங்குமம் குடுத்துக் கூப்பிட்டா. நீ முன்னாடி போ.

“வர்ஷினி!”

படுக்கையறையில் இல்லை. குளியலறையில் இல்லை. பால்கனிக் கதவைத் தள்ளித் திறந்தாள். துணிக்கொடி, துளசித் தொட்டி, கம்பி, கண்ணாடி. குழந்தை இல்லை. படிகளில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். கேட்டருகே வாட்ச்மேன் லாசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“வர்ஷினி வெளிய போனாளா?”

“பாப்பாவா? இல்லியே மேடம். நான் இங்கதான குந்திகினு கீறேன். யாரும் வெளிய வர்ல.”

கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடினாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். பூக்காரி இல்லை. ஆட்டோ இல்லை. எந்த வீட்டிலிருந்தும் பாட்டுச் சத்தம் இல்லை. நவராத்திரிச் சாயங்காலத்தில் மயிலாப்பூர்த் தெரு இவ்வளவு காலியாக அவள் பார்த்ததே இல்லை. காற்று அடித்தது. உப்பு. குளிர்ந்த கல்.

“மேடம்,” என்றார் லாசர். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாக நெற்றிக்கும் மார்புக்கும் போய் சிலுவை போட்டது. “உங்க வீட்ல... பின்னாடி ஒண்ணுமே இல்லியே மேடம்.”

மஹதி நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டாவது மாடி. அவர்கள் வீடு. அலுமினியக் கம்பி இல்லை. துணிக்கொடி இல்லை. பெயிண்ட் உரிந்த பச்சை மரம். பெட்டிபோல் மூடிய கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் கொலு விளக்கு தெரிய வேண்டும், ஹால் சுவர் தெரிய வேண்டும். ஆகாயம்தான் தெரிந்தது. கறுத்துக்கொண்டு வரும் சாயங்கால ஆகாயம்.

ஜன்னல் திறந்தது.

வர்ஷினி நின்றிருந்தாள். பட்டுப்பாவாடை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தோளில் ஒரு வெளுத்த கை. கைக்குப் பின்னால் கறுப்பாக யாரோ, உட்கார்ந்தபடி.

“வர்ஷினி! அங்கேயே நில்லுடி, நகராதே, அம்மா வரேன்!”

குழந்தை அவளைப் பார்த்தது. தெரியாதவர்களைப் பார்க்கிற பார்வை. மரியாதையான பார்வை. வெள்ளிச் சிமிழைத் திறந்து, சொல்லிக்கொடுத்த மாதிரியே கையை நீட்டியது.

“மாமி, எங்காத்துல கொலு வெச்சிருக்கோம். அவசியம் வரணும்.”

பால்கனி எட்டாத உயரத்தில் இருந்தது. மஹதி வலது கையைத் தூக்கினாள்.

விரல் நுனியில் ஈரக் குங்குமம் ஒட்டியது.